முதல் வீடு: உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு விலை தாங்கும்? கணக்குப் போடும் முறை

வீடு தேட ஆரம்பிக்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது "எனக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?" என்பதைத்தான். வங்கியில் போய்க் கேட்டால் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கும், கேட்டதும் ஒரு தெம்பு வரும், உடனே அந்தத் தொகையோடு சேமிப்பைக் கூட்டி அந்த விலையில் ஃபிளாட் பார்க்கக் கிளம்பிவிடுவோம். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. வங்கி சொல்வது, நீங்கள் தவணை தவறாமல் கட்ட வாய்ப்புள்ள அதிகபட்சக் கடன். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புவதும், ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸும், தங்கச்சி கல்யாணமும் அவர்கள் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வராது.

சரியான வரிசை வேறு. மாதம் எவ்வளவு தவணை உங்களால் உண்மையில் கட்ட முடியும் என்பது முதலில். அது எவ்வளவு கடனாகும் என்பது அடுத்து. கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவை வீட்டுக்கு விடலாம் என்பது மூன்றாவது. கடனையும் கைப்பணத்தையும் கூட்டி, பதிவுச் செலவு முதலானவற்றைக் கழித்தால் வருவதுதான் வீட்டின் விலை. விலை கடைசியில்தான் வர வேண்டும்.

வெறும் சூத்திரமாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்தே போவோம். சென்னைப் புறநகரில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 58,000, மனைவிக்கு 34,000, மொத்தம் 92,000. ஒரு பையன், பள்ளிக்கூடம் போகிறான். பைக் கடன் ஒன்று மாதம் 4,500 போகிறது. வாடகை 17,000. உங்கள் எண்களை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வங்கியின் கணக்கைப் பார்த்துவிடுவோம்

பல வங்கிகள் கைக்கு வரும் வருமானத்தில் சுமார் பாதி வரை எல்லாக் கடன் தவணைகளுக்கும் போகலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். வருமானம் கூடினால் இந்த விகிதத்தையும் கூட்டுவார்கள். இந்தக் குடும்பத்துக்கு 46,000. அதில் பைக் கடன் 4,500 போக 41,500. இருபது வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் 1 லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். 41,500ஐ 868ஆல் வகுத்தால் ஏறக்குறைய 47.8 லட்சம். இந்த 47.8ஐ ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள், கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கணக்கு: மாதம் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது

மளிகை, பால், கேஸ், கரண்ட் பில் எல்லாம் சேர்த்து 16,000. ஸ்கூல் ஃபீஸையும் வேன் கட்டணத்தையும் பன்னிரண்டால் வகுத்தால் 9,000. ஊருக்கு 8,000. பெட்ரோல், ரயில் பாஸ் 5,500. போன், இன்டர்நெட் 2,000. இன்சூரன்ஸும் மருத்துவமும் 4,500. தீபாவளி, பொங்கல், கல்யாண மொய், காதுகுத்துச் சீர் எல்லாவற்றையும் வருடக் கணக்கில் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் 5,000. பைக் 4,500. சீட்டும் எஸ்ஐபியும் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) சேர்த்து 5,000. கூட்டினால் 59,500. வாடகை 17,000ஐயும் சேர்த்தால் 76,500. அப்படியானால் 92,000இல் மாதம் 15,500 மிஞ்ச வேண்டும்.

மிஞ்சுகிறதா? இதற்குத்தான் பாஸ்புக். போன வருடம் இதே மாதம் கணக்கில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். போனஸ் மாதிரி ஒரு தடவை வந்த பணத்தைக் கழித்துவிட்டுப் பன்னிரண்டால் வகுங்கள். அனேகமாக எந்த வீட்டிலும் இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. இந்தக் குடும்பத்தில் உண்மையில் மிஞ்சுவது 9,000 என்று வைப்போம். மீதி 6,500 எங்கே போனது என்று கணவனும் மனைவியும் சண்டை போட வேண்டியதில்லை. ஸ்விக்கி, திடீர் ஆஸ்பத்திரி, கைமாத்தாகக் கொடுத்துத் திரும்பி வராதது என்று எல்லா வீட்டிலும் இருப்பதுதான். வீடு வாங்கிய மறுநாளே இதெல்லாம் நின்றுவிடும் என்று கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

ஆக, வீட்டுக்கு ஒதுக்கக்கூடியது வாடகை 17,000 + மிச்சம் 9,000 = 26,000. இதில் சொந்த வீட்டுக்கே உரிய செலவுகளைக் கழிக்க வேண்டும். அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3.50 என்றால் 700 சதுர அடி ஃபிளாட்டுக்கு சுமார் 2,500. சொத்து வரி, வீட்டுக் காப்பீடு, மோட்டார் ரிப்பேர், கோடையில் தண்ணீர் லாரி என்று மாதம் 1,200. மொத்தம் 3,700 போக மிஞ்சுவது 22,300. இஎம்ஐக்கு, அதாவது மாதத் தவணைக்கு, 22,000 என்று வைத்துக்கொள்வோம்.

வங்கிக் கணக்கில் 41,500. நம் கணக்கில் 22,000. வங்கி தவறாகச் சொல்லவில்லை, அவர்கள் கேட்ட கேள்வி வேறு.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இரண்டு சம்பளத்தில் ஒன்று ஒரு வருடம் நின்றால் என்ன ஆகும்? இரண்டாவது குழந்தை, பெரியவர்களைக் கவனித்துக்கொள்ள வேலையை விடுவது, ஐடி வேலை போவது, எதுவாகவும் இருக்கலாம். 58,000 மட்டும் வந்தால் இந்தக் குடும்பம் 22,000 தவணையைச் சில மாதம் தள்ளலாம், வருடக்கணக்கில் முடியாது. அதனால்தான் பின்னால் வரும் அவசர நிதியில் கைவைக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

தவணையைக் கடனாக மாற்றுவது

இருபது வருடக் கடனுக்கு, 1 லட்சத்துக்கான மாதத் தவணை 8 சதவீதத்தில் 836, 8.5இல் 868, 9இல் 900, 9.5இல் 932, 10.5இல் 998. இந்த ஐந்து எண்ணும் தெரிந்தால் கால்குலேட்டர் ஆப் கூடத் தேவையில்லை. 22,000ஐ 868ஆல் வகுத்தால் 25.3 லட்சம்.

ஆனால் இந்த ஒரு வட்டியோடு நிறுத்தக் கூடாது. வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மிதக்கும் வட்டி, அதாவது இடையில் ஏறி இறங்கும் வட்டி. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மாதிரியான வெளி அளவுகோலோடுதான் இணைந்திருக்கின்றன, அதனால் ரெப்போ ஏறினால் உங்கள் வட்டியும் ஏறும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது, ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2022 தொடக்கத்தில் 6.7 சதவீதத்தில் 25 லட்சம் வாங்கிய ஒருவரின் தவணை சுமார் 18,935. வட்டி 9.2 ஆனபோது, மிச்சமிருந்த அசலுக்கு மாத வட்டி மட்டுமே 18,700க்கு மேல். அதாவது பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசலில் மாதம் 200 ரூபாய் சொச்சம்தான் குறையும். பலருக்கு அந்த நேரத்தில் தவணை ஏறவில்லை, பதிலாகக் கடன் வருடங்கள் சத்தமில்லாமல் நீண்டன. இந்தப் புகார்கள் குவிந்த பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என விதி போட்டது.

அதனால் வட்டி 2 சதவீதம் ஏறினாலும் தாங்குமா என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 22,000ஐ 998ஆல் வகுத்தால் 22 லட்சம். இந்தக் குடும்பத்தின் நிம்மதியான கடன் 22க்கும் 25க்கும் நடுவில். இருவருக்கும் அரசு வேலை மாதிரி நிலையான வருமானம், வருடாவருடம் சம்பளம் ஏறும் என்றால் 25 பக்கம் போகலாம். ஒருவர் கடை வைத்திருக்கிறார், கமிஷனில் வாழ்கிறார் என்றால் 22 பக்கம் நிற்பதுதான் நல்லது. கணக்குக்கு 25 என்றே எடுத்துக்கொள்கிறேன்.

"முப்பது வருடம் போட்டால் இன்னும் கொஞ்சம் பெரிய வீடு வாங்கலாமே" என்று கடன் ஏஜென்ட் சொல்வார். 25 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் இருபது வருடத் தவணை ஏறக்குறைய 21,700. முப்பது வருடம் என்றால் 19,220. மாதம் 2,500 குறைகிறது, மொத்த வட்டியோ 27 லட்சத்திலிருந்து 44 லட்சமாகிறது. வயது 28, சம்பளம் ஏறும், இடையில் முன்கூட்டியே கட்டுவேன் என்றால் நீண்ட காலம் தப்பில்லை. மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. ஆனால் பெரிய வீட்டுக்காகக் காலத்தை நீட்டுவது வேறு, மூச்சுவிட இடம் வேண்டும் என்று நீட்டுவது வேறு. முதலாவதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு உபயோகமான பார்வை: மாதம் 868 ரூபாய் என்பது 1 லட்சம் கடன். அப்படிப் பார்த்தால் அந்த 4,500 ரூபாய் பைக் தவணை 5 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்குச் சமம். பைக் கடன் முடிய எட்டு மாதம்தான் இருக்கிறது என்றால், எட்டு மாதம் பொறுப்பதே இந்தக் குடும்பம் எடுக்கக்கூடிய சிறந்த முடிவு. தூரமும் இப்படித்தான். வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று கூடுவாஞ்சேரி தாண்டிப் போய், இரண்டு பேருக்கும் போக்குவரத்துக்கு மாதம் 3,000 கூடினால், அது சுமார் மூன்றரை லட்சம் கடன். விலையில் 3 லட்சம் குறைத்தார்கள் என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது, ரயிலில் போகும் நேரத்துக்குக் கணக்கே இல்லை.

கையில் இருக்கும் பணம்

முதல் வீடு வாங்கும் நிறையப் பேருக்குத் தவணையைவிட இதுதான் இடிக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 30க்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் வங்கி தரலாம். இது உச்சவரம்பு, குறைவாகவும் தருவார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் பொதுவாக இந்த மதிப்பில் சேராது, அது முழுக்க உங்கள் கைக்காசு.

இந்தக் குடும்பத்திடம் எஃப்டி 7 லட்சம், சீட்டு எடுத்தால் 3, பிஎஃப்பில் எடுக்கக்கூடியது 3, அப்பா தருவதாகச் சொன்னது 2, ஆக 15 லட்சம். இதில் முதலில் அவசர நிதியை எடுத்துத் தனியே வையுங்கள்: ஆறு மாதத் தவணை 1.32 லட்சம், மூன்று மாத வீட்டுச் செலவு 1.78 லட்சம், சுமாராக 3 லட்சம். அப்புறம் கப்போர்டு, கிச்சன், கிரில், ஃபேன், கிரகப்பிரவேசம் என்று குறைந்தது 2.5 லட்சம். கிரகப்பிரவேசத்துக்கு யாரும் பட்ஜெட் எழுதுவதில்லை, ஆனால் சாப்பாட்டுக்காரர் மட்டும் சரியாக பில் எழுதுகிறார். வீட்டுக்கு விடக்கூடியது 9.5 லட்சம்.

நகையை அடகு வைத்து முன்பணம் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: அது சேமிப்பு இல்லை, இன்னொரு கடன். அதன் வட்டியையும் 22,000க்குள் அடக்க முடிந்தால் வையுங்கள். பயன்படாமல் லாக்கரில் கிடக்கும் நகையை விற்பதே நேர்மையான கணக்கு, வீட்டில் அதைப் பேசுவது கஷ்டம் என்பது வேறு விஷயம். மாமா தரும் கைமாத்தும் அப்படித்தான், எப்போது திருப்பிக் கேட்பார் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

விலைக்கு மேல் எவ்வளவு

இங்கே தமிழ்நாட்டுக் கணக்கு. மறுவிற்பனை வீடு, மனை எல்லாவற்றுக்கும் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு, 2023 டிசம்பரில் கூட்டு மதிப்பு முறை (நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே மதிப்பிடுவது) வந்த பிறகு, 50 லட்சம் வரை 4 + 2 = 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 + 2 = 7 சதவீதம். பத்திரத்தில் போடும் விலை அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் வழிகாட்டி மதிப்புக்குத்தான் தீர்வை.

கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி உண்டு. பொதுவாக 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள், சென்னை மாதிரிப் பெருநகரத்தில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 645 சதுர அடிக்குள் இருந்தால் 1 சதவீதம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. இதற்கு மேல் வக்கீல் லீகல் பார்ப்பது, வில்லங்கச் சான்று, வங்கியின் பிராசசிங் கட்டணம், எம்ஓடி பதிவு (பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததைப் பதிவது), புரோக்கர் கமிஷன். புது ஃபிளாட்டில் கார் பார்க்கிங், இபி டெபாசிட், கார்ப்பஸ் ஃபண்ட் (குடியிருப்பின் பொது நிதி) என்று தனிச் சீட்டு வரும். சதுர அடி விலையைக் கேட்காமல் "சாவி கையில் வர மொத்தம் எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

வங்கி மேலாளரே ஒரு ஒற்றைப் பிரீமியம் (மொத்தமாக ஒரே தடவை கட்டும்) காப்பீட்டைக் கடனோடு சேர்த்துவிடப் பார்ப்பார். அதன் பிரீமியத்துக்கும் இருபது வருடம் வட்டி கட்டுவீர்கள். தனியாக ஒரு டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு எல்லாம் சேர்த்து விலையில் 12 சதவீதம் கூடுதல் என்று வைத்தால் கணக்கு இப்படி: கடன் 25 + கைப்பணம் 9.5 = 34.5 லட்சம். இதை 1.12ஆல் வகுத்தால் 30.8 லட்சம். இதுதான் இந்தக் குடும்பம் தேட வேண்டிய விலை. கடன் 22 என்று பயந்து போட்டால் 28 லட்சம். வங்கி சொன்ன 47.8 லட்சம் கடனை நம்பியிருந்தால் 50 லட்சத்துக்கு மேல் ஃபிளாட் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மறுவிற்பனையில் கறுப்புப் பணம் கேட்டால்

"31 லட்சம், ஆனால் பத்திரம் 24க்குத்தான், மிச்சம் கையில்" என்பார்கள். வங்கி 24க்குத்தான் கடன் தரும், 90 சதவீதமே என்றாலும் 21.6 லட்சம். மீதி 9.4 லட்சத்தோடு பதிவுச் செலவும் கைக்காசாக வேண்டும், மேலே போட்ட கணக்கு முழுக்க உடைந்துவிடும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 24 என்றுதான் காட்ட முடியும், லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். முழுத் தொகைக்குப் பத்திரம் போடுபவரையே தேடுங்கள், கிடைப்பார்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டில் இருக்கும் பொறி

புது ஃபிளாட் சில லட்சம் குறைவாகக் கிடைக்கும்போது ஆசை வரும். ஆனால் சாவி வரும்வரை வாடகையும் கட்ட வேண்டும், வங்கி இதுவரை விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்ட வேண்டும். நம் குடும்பத்தால் வீட்டுக்கு விடக்கூடியது 26,000, வாடகை 17,000, மீதி 9,000. 8.5 சதவீதத்தில் 9,000 ரூபாய் என்பது 12.7 லட்சத்துக்கான வட்டி. அதாவது 25 லட்சத்தில் பாதி விடுவிக்கப்பட்டதுமே மாதாமாதம் துண்டு விழும், பில்டர் தாமதித்தால் அது நீளும். இவர்களுக்குக் கட்டி முடித்த வீடுதான் சரி. நீங்கள் பெற்றோர் வீட்டில் வாடகையில்லாமல் இருந்தால் கணக்கு மாறும், அப்போதும் தமிழ்நாடு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கிறதா, நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வரிச் சலுகையும் மானியமும்

நீங்களே குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், சொந்தப் பக்கா வீடு எங்குமே இல்லை, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0இல் வட்டி மானியம் அதிகபட்சம் 1.8 லட்சம் வரை, தவணைகளாகக் கிடைக்க வாய்ப்புண்டு. விண்ணப்பித்துப் பாருங்கள், வந்தால் லாபம். வீட்டின் விலை 50 லட்சமோ மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது) பிடித்துக் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

வாங்குவதற்கு முன் ஓர் ஒத்திகை

இந்தக் குடும்பத்துக்குப் புது வீட்டின் மாதச் செலவு 25,700, இப்போதைய வாடகை 17,000. வித்தியாசம் 8,700. சம்பளம் வந்த மறுநாளே இதை ஒரு ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள், ஆறு மாதம். நடுவில் கிரெடிட் கார்டைத் தேய்க்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கணக்கு சரி, கைப்பணத்தில் 50,000 சொச்சம் கூடியும் இருக்கும். இழுத்தால் எவ்வளவு இழுத்ததோ அதை 868ஆல் வகுத்துக் கடனில் அத்தனை லட்சம் குறையுங்கள்.

விலை முடிவானதும் வீட்டை விற்பவரிடம் போவதற்கு முன் வங்கியில் முன்னொப்புதல் வாங்கிவையுங்கள். உங்கள் வருமானத்துக்குக் கடன் உண்டு என்பதற்குத்தான் அது உறுதி. அந்தக் குறிப்பிட்ட வீட்டின் மூலப்பத்திரம், அப்ரூவல், கட்டட வயது பிடிக்கவில்லை என்றால் வங்கி பின்னால் மறுக்கலாம். ஆகவே டோக்கன் அட்வான்ஸைச் சின்னதாகக் கொடுங்கள், வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில், சொத்துப் பத்திரங்களின் குறையால் வங்கி கடன் மறுத்தால் முழு அட்வான்ஸும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்ற வரியை எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்குச் சம்மதிக்காத விற்பனையாளர் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.